பத்து நிமிச வெயில்

ஏனுங் தம்பி, அந்தக் கவர்ல இருக்கறது ஸ்கேன் பிலிமுங்களா? இல்லை, மடங்குது, அதான் கேட்டேன். மடங்கிப் போச்சுன்னா சரியாத் தெரியலைன்னு மறுக்கா எடுக்கச் சொல்லுவாங்க. நேரா வெச்சுக்குங்க. ஆங், அப்படி.

கோயமுத்தூருக்குங்களா? அந்த கேன்சர் ஆஸ்பத்திரிக்கா? தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க அங்க வேலை செய்யற ஆளு இல்லீங்களே? கேட்டுக்கறது நல்லதுங்க. போன வாட்டி இதே பஸ்ஸுல ஒருத்தருகிட்ட அவினாசியில இருந்து நீலாம்பூர் வரைக்கும் மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிப்போட்டேன். எறங்கறப்போ பாத்தா அவரு அந்த ஆஸ்பத்திரி கேண்டீன்ல இருக்கறவராமா. ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்க? கமுக்கமா உக்காந்து அத்தனையும் கேட்டுட்டு வந்திருக்காரு. போயி யாருகிட்ட என்ன சொன்னாரோ.

அக்காவுக்குங்களா. தொண்டையிலயா. மூணாவது மாடிங்களா, சரிங்க. என்ற சம்சாரமும் அங்கதான் இருக்கறா, மூணாவது மாடி, கடைசி ரூம்பு. கதவுல கருப்புத் தாள் ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. அந்த ரூம்புதான். பேரு பூவாத்தாள். அவளுக்கு நாக்குல.

உங்க அக்காவுக்கு என்ன வைத்தியம்னு சொன்னாங்க? கரண்டு வைக்கறதா? மருந்து ஏத்தறதா? இன்னும் சொல்லலீங்களா. சொல்லுவாங்க. ஒருவேளை சாயம் ஏத்தி வெளிச்சம் காட்டறோம்னு சொன்னாங்கன்னா நான் சொல்றதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஏன்னா சாயத்தைப் பத்தி எனக்குத் தெரியுமுங்க. திருப்பூர்ல முப்பத்தொரு வருசம் டையிங் மாஸ்டரா இருந்தவன் நான். சென்னியப்பன் மாஸ்டர்னா அந்தக் காலத்துல எந்த யூனிட்லயும் தெரியும். வெள்ளைத் துணி உள்ள போனா பார்ட்டி கேட்ட கலர்ல வெளிய வரோணும், ஒரு நூல் கூடக் கொறையக் கூடாது. அதுதான் என்ற வேலை. அதுல மனுசனை நம்பினா போச்சுங்க. சாயம் விக்க வர்றவன் வாயைத் தொறந்தா பொய்யி. பத்து டப்பாவுல ரெண்டுல கலப்படம். நான் யாரையும் நம்பினதில்லை, அதனாலதான் முப்பத்தொரு வருசத்துல நான் சாயம் போட்ட துணி ஒரு லாட்டு கூடத் திரும்பி வந்ததில்லை.

போன தை மாசம் அவளுக்கு நாக்கு ஓரத்துல ஒரு புண்ணுங்க. பல்லு குத்துதுன்னா. பல்லைப் புடுங்கினோம். ஆறலை. மாசி முடியறதுக்குள்ள சோறு உள்ள போகலை, வெறுங் கஞ்சி. அம்பத்தெட்டு கிலோ இருந்தவ அம்பத்தொண்ணுக்கு வந்துட்டா. திருப்பூர்ல ஒரு டாக்டரு பாத்துப்போட்டு, நாக்குல பாதியை வெட்டியெடுக்கோணும்னாரு. அவ அன்னைக்குத்தான் வாயைத் தொறந்தா. ‘நாக்கை வெட்டிப்போட்டா நான் எப்படிப் பேசறதுங்க’ன்னு அந்த டாக்டரைக் கேட்டா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. இவ எங்கீங்க பேசறா? முப்பத்தாறு வருசத்துல என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அவ்வளவு நல்ல பொம்பளை.

என்ற மக கோகிலவாணி கோயமுத்தூர்ல ஒரு பேங்குல இருக்கறா. அவதான் வெசாரிச்சு இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. இதுவே எனக்குப் புடிக்கலீங்க, பெரிய டாக்டரு எங்க போனாருன்னு கேட்டேன், அந்தம்மாதான் பெரிய டாக்டருன்னாங்க. இருக்கட்டும். அந்தம்மா சொல்லுச்சு: ரத்தத்துல ஒரு சாயத்தை ஏத்துவோம், அது ஒடம்பு பூரா ஓடும், கட்டியில போயித் தங்கும். நாலாம் நாளு நாக்குல அந்த எடத்துல மட்டும் செவப்பு வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்டாத்தான் அந்த மருந்து வேலை செய்யும், கட்டியைக் கருக்கும். கட்டி சின்னதா இருக்கறதால இதைப் பண்ணலாம், நாக்கு பொழைச்சுக்கும். ஆனா ஒண்ணு, அந்த மருந்து தோல்லயும் இருக்கும். அதனால ரெண்டு வாரத்துக்கு வெயில் ஆகாது. ஜன்னல் தொறக்கக் கூடாது, ட்யூப் லைட் கூடாது, இருட்டு ரூம்புல இருக்கோணும். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெளிச்சத்துக்கு வரோணும்.

பூவாத்தா தலையாட்டினா. கோகிலா தலையாட்டினா. நான் மட்டும் கேட்டேன், ‘என்ன சாயமுங்க? எந்த கம்பெனி? லாட்டு நம்பரு என்ன?’

அந்தம்மா சிரிச்சுது. சிரிச்சா எனக்கு ஆகாதுங்க. ஆனா காட்டுச்சு. சுண்டுவெரல் ஒசரத்துல ஒரு குப்பி, உள்ள கத்திரிப்பூக் கலரு, நல்ல அடர்த்தி. நான் அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கினேன். தூக்கறது எங்க பழக்கமுங்க. கலர் பாக்கோணும்னா வடக்குப் பக்கத்து ஜன்னல்ல, பகல் வெளிச்சத்துலதான் பாக்கோணும். அந்தம்மா வெடுக்குனு புடுங்கி டப்பாவுக்குள்ள வெச்சுப்போடுச்சு. ‘வெளிச்சத்துல காட்டக் கூடாதுங்கய்யா, கெட்டுப்போயிரும்’னுச்சு.

கேட்டுக்குங்க தம்பி. வெளிச்சத்துல காட்டக் கூடாதாமா. எங்க தொழில்ல இதை எத்தனை பேரு சொல்லியிருக்கான் தெரியுமுங்களா? சரக்கை வெயில்ல கொண்டு போகாதீங்க மாஸ்டர், உள்ளயே பாத்துக்குங்க மாஸ்டர். அப்படிச் சொன்னாலே அது டுப்ளிகேட் சரக்கு. அசல் சரக்கு விக்கறவன் நம்மளை இழுத்துட்டுப் போயி வெயில்ல நிறுத்திக் காட்டுவான். அன்னைக்கே எனக்கு மனசுல முள்ளு குத்திருச்சு.

அப்பறம் ஏத்தினாங்க. எவ்வளவுங்கறீங்க? ஒரு ஸ்பூன் தேறாது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. ஒரு பெர்சென்ட் கலருன்னா நூறு கிலோ துணிக்கு ஒரு கிலோ சாயம் போடோணும். இவ அம்பத்தொரு கிலோ. வெளிர் ரோஸ் வரோணும்னாக்கூட கால் கிலோவுக்குக் கொறையாம வேணும். ஒரு ஸ்பூனை வெச்சுட்டு என்ன பண்ணுவாங்க? நகத்தைப் பாத்தேன், கலரு மாறலை. கண்ணு முழியைப் பாத்தேன். ஒண்ணுக்குப் போனதைக்கூடப் பாத்தேனுங்க, வெக்கப்படறதுக்கு என்ன இருக்குது. எப்பவும் போலத்தான் இருந்துச்சு. அப்போ என்ன அர்த்தம்? குப்பியில காட்டினது ஒண்ணு, ஏத்தினது ஒண்ணு. உள்ள போனது வெறுந் தண்ணி.

நீங்க என்ன நெனைக்கறீங்க? கவரு மறுக்கா மடங்குது பாருங்க. சரி.

திருப்பூர்ல எங்க ஊட்லயே இருட்டு ரூம்பு போட்டோம். கோகிலா லீவு போட்டுட்டு வந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைக் கட்டிவிட்டா. சாமான் வைக்கற ரூம்புல கட்டிலைப் போட்டு, சாமி மாடத்துல எரியுமே, அந்த மாதிரி சின்ன பல்பு ஒண்ணு. அதுல பூவாத்தா உக்காந்திருந்தா. அப்ப சித்திரை மாசமுங்க, காத்தில்லை, ஃபேன் சுத்தினாலும் வேர்த்து ஊத்துது. முந்தானையில கழுத்தைத் தொடைச்சுக்குவா. எனக்குப் பாக்கப் பாக்க வயித்தெரிச்சல். தண்ணியை ஏத்திவிட்டுட்டு என்ற பொண்டாட்டியைக் கோழியைக் கூடை போட்டுக் கவுத்து வெச்ச மாதிரி வெச்சிருக்கானுகளேன்னு. நாலாம் நாளு வெளிச்சம் காட்டுவாங்க, ஒண்ணும் நடக்காது, அப்பறம் ‘உங்க நேரம் சரியில்லீங்க’ம்பாங்க. அதுக்குள்ள கட்டி பெருசாயிரும். அப்போ நாக்கும் போச்சு, ஆளும் போச்சு. அதுதானுங்க எனக்குப் பயம். இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் யாரும் புரிஞ்சுக்கலை. நான் வெளையாட்டுக்கா பண்ணினேன்?

மூணாம் நாளு. கோகிலா மெடிக்கலுக்குப் போயிருந்தா. மணி பதினொண்ணு. நான் போயி கட்டில்ல உக்காந்தேன். ‘பூவாத்தா, ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துப்போடலாமா’ன்னேன். என்னன்னு கேக்கலை. கையை நீட்டினா. நான் இழுக்கலீங்க, அவளாத்தான் நீட்டினா. இதை நீங்க குறிச்சு வெச்சுக்கோணும்.

எங்க டெஸ்ட் ரொம்ப சாதாரணமுங்க. சாயம் போட்ட துணியில ஒரு துண்டு வெட்டி, பாதியைக் கருப்பு அட்டையில மூடி, மீதியை வெயில்ல வைப்போம். அப்பறம் அட்டையை எடுத்துட்டு ரெண்டு பாதியையும் பாத்தா சாயத்தோட சங்கதி தெரிஞ்சு போகும். அதையேதான் பண்ணினேன். மொழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளவாக்குல பாதிக்குக் கருப்பு அட்டையை வெச்சு டேப் சுத்தினேன். நேரா ஒட்டியிருக்குதான்னு ரெண்டு தரம் பாத்தேன். மத்த ஒடம்புக்கெல்லாம் போர்வையைப் போத்தி, மூஞ்சியும் மூடி, அந்தளவுக்கு ஜாக்கிரதையாத்தான் சமையக்கட்டுப் பின்வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கதவை ஒரு சாண் தொறந்து கையை மட்டும் வெளிய நீட்டச் சொன்னேன். பத்து நிமிசம்னு முடிவு பண்ணிட்டேன். அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் தெரியாதுங்க, இருபதுன்னா அதிகம்.

அஞ்சாவது நிமிசத்துல ‘எரியுதுங்க’ன்னா. சித்திரை வெயிலு யாருக்குத்தான் எரியாது? ‘சித்தெ பொறுத்துக்கோ’ன்னேன். ஏழாவது நிமிசத்துல மறுக்கா சொன்னா. கை ஆடுச்சு. ஆடினா அட்டை நகந்துரும், அப்பறம் டெஸ்டே வீணு, அதனால மணிக்கட்டை லேசாப் புடிச்சுட்டேன். லேசாத்தான். பத்து ஆனதும் விட்டுட்டேன்.

அட்டையை எடுத்துப் பாத்தா அப்பவே செவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல வீங்கிப் போச்சு. பொழுதோட பாக்கறேன், வெயில் பட்ட பக்கம் பூரா கொப்புளம், முந்திரிக்கொட்டை தண்டிக்கு. மூடியிருந்த பக்கம் எப்பவும் போல. நடுவுல ஒரு கோடு, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. என்ற சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா ஒரு ரிசல்ட் நான் பாத்ததில்லை.

என்ன சந்தோசம் எனக்குங்கறீங்க. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ‘பூவாத்தா, மருந்து அசலுதான், பொழைச்சுக்குவே’ன்னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன். மூணு மாசமா எனக்குத் தூக்கமில்லீங்க, அன்னைக்குத்தான் நெஞ்சுல இருந்து கல்லு எறங்குச்சு. அவ என்னைப் பாத்தா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. வலி இருந்திருக்கும்.

கோகிலா வந்து பாத்துப்போட்டு கத்தின கத்தல் இருக்குதே. ‘நீங்க மனுசனாப்பா’ன்னு கேட்டுட்டா. பெத்த அப்பனை. அப்பவே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டா, அவிய சொன்ன மருந்தைப் பூசினோம். மறுநாளு வெடியால, காருக்குள்ள பூராக் கம்பளியைக் கட்டிக் கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா கையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. வெளிய இருங்கன்னு சொல்லிப்போட்டு பூவாத்தாகிட்ட தனியாக் கேட்டிருக்குது, யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு. இவ என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? ‘இல்லீங்க, காத்தில்லைன்னு நானேதான் கதவைத் தொறந்து கையை வெளிய நீட்டிட்டேன்’னு சொல்லியிருக்கா. கோகிலா சொன்னா. அதைச் சொல்றப்போ அழுதுட்டே சொன்னா, எதுக்கு அழுதாளோ. நீட்டினது அவதானே? உள்ளதைத்தானே சொல்லியிருக்கா.

இன்னொண்ணு கேளுங்க. அந்த டாக்டரம்மா என்ன சொல்லுச்சாம்? அவிங்களே அந்த டெஸ்டைப் பண்ணுவாங்களாமா. பதினஞ்சு நாளு கழிச்சு, காயிதப் பையில சின்னதா ஓட்டை போட்டு, கையை உள்ள விட்டு, அஞ்சே நிமிசம் வெயில்ல காட்டுவாங்களாமா. செவக்கலைன்னா வெளிய வரலாம்னு அர்த்தமாமா. பாத்தீங்களா? நான் பண்ணினா தப்பு, அவிய பண்ணினா வைத்தியம். நான் பன்னெண்டு நாளு முன்னாடி பண்ணிட்டேன், அஞ்சு நிமிசம் கூட வெச்சுட்டேன், அவ்வளவுதானே வித்தியாசம்.

அன்னைக்கே நாக்குல வெளிச்சம் காட்டினாங்க. மூணு நாலு நிமிசம்தான். பத்து நாளு நாக்கு வெந்த மாதிரி இருந்துச்சு, அப்பறம் வெள்ளையா உரிஞ்சு உழுந்துச்சு. உள்ள புதுச் சதை, செவப்பா. ஒரு மாசத்துல இட்லி சாப்பிட்டா. ஆடியில சோறு சாப்பிட்டா, ரசம் ஊத்தி. உண்மையைச் சொல்லோணுமில்லீங்க, அந்த மருந்து வேலை செய்யுதுங்க. உங்க அக்காவுக்குச் சொன்னாங்கன்னா பண்ணிக்குங்க. ஆனா லாட்டு நம்பரைக் கேட்டுக்குங்க.

சோறு சாப்பிட்ட அன்னைக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘எரியுதுன்னு நான் சொன்னப்போ நீங்க எதைப் பாத்துட்டு இருந்தீங்க’ன்னா. கடியாரத்தைத்தான்னு சொன்னேன். கடியாரத்தைப் பாக்காம பத்து நிமிசம் எப்படித் தெரியும்? சரிங்கன்னு சொல்லிப்போட்டு, கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டா.

அதுக்கப்பறம் எங்கிட்ட பேசலீங்க. நாக்கு இன்னும் நோவுதாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். கோகிலாகிட்டப் பேசறா. பக்கத்து ஊட்டுக்காரிகிட்ட அரைமணி நேரம் சிரிச்சுப் பேசறா, நான் போனா நின்னு போகுது.

இப்போ ஐப்பசியில போயிக் காட்டினா, ஓரத்துல ஒரு மொளகு அளவுக்கு மீதி இருக்குதாமா. இன்னொருக்கா சாயம் ஏத்தோணும். எங்க ஊட்லயே இருந்துக்கலாம்னுதான் டாக்டரம்மா சொல்லுச்சு. இவதான் மாட்டேன்னுட்டா. ‘ரெண்டு வாரமும் இங்கயே இருந்துக்கறேன், அவரு உள்ள வரக் கூடாது’ன்னு. அவ வாயில இருந்து வந்த வார்த்தையாங்க அது? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. கோகிலாவா, டாக்டரம்மாவா, அதுதான் எனக்குப் புடிபடலை. கூட இருக்கறவங்க பேருன்னு பாரத்துல எழுதற எடத்துல பக்கத்து ஊட்டுக்காரி பேரை எழுதியிருக்கா. முப்பத்தாறு வருசமா அந்த எடத்துல என்ற பேருதானுங்க இருந்துச்சு.

நேத்து ஏத்திட்டாங்க. கோகிலா போன்ல சொன்னா. வராதீங்கப்பான்னு மறுக்கா மறுக்கா சொன்னா. எனக்கு ஊட்ல இருக்க முடியலீங்க. போன வாரமே அந்த ரூம்பைப் போயிப் பாத்துட்டு வந்தவன் நான். அவ சேர்றதுக்கு முன்னாடி, வராண்டாவுல நின்னு. ஜன்னலு மேக்க பாத்தது. மூணு மணிக்கு மேல வெயில் நேரா அடிக்கும். அவிய போட்டிருக்கற திரை ஒத்தைத் துணி. உள்ள நர்ஸம்மா இல்லாத நேரம் போயி, அதுக்குப் பின்னாடி கையை வெச்சுப் பாத்தேன், அஞ்சு வெரலும் தெரியுது. அஞ்சு வெரலுந் தெரியற திரையை நம்பி என்ற பூவாத்தாளை எப்படிங்க விடறது?

அதனால பழைய யூனிட்டுக்குப் போனேன். தடிமனான துணியா எடுத்து, கருப்புச் சாயம், நானே நின்னு ரெண்டு தரம் போட்டேன். அப்பறம் மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போயி, உச்சி வெயில்ல தலையோட போத்திட்டு நின்னேன். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வருதான்னு பாக்கோணுமில்லீங்க. வரலை. அரைமணி நேரம் நின்னேன். உள்ள ஒரே புழுக்கம். இப்படித்தானே அவ மூணு நாளு உக்காந்திருந்தான்னு தோணுச்சு. நான் கூப்பிட்டதும் ஒண்ணுமே கேக்காம கையை நீட்டினாளேன்னு தோணுச்சு. அழுதுட்டேனுங்க. துணிக்குள்ள யாரு பாக்கறா.

இந்தப் பையில இருக்கறது அதுதானுங்க. ஓரமெல்லாம் மடிச்சுத் தைச்சாச்சு, மாட்டறதுக்கு வளையமும் வெச்சாச்சு. கோகிலாகிட்ட குடுத்தா அவ அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுவா. நீங்க மூணாவது மாடிக்குத்தானே போறீங்க. கடைசி ரூம்புங்க. கதவைத் தட்டிட்டு, சட்டுனு உள்ள போயி சாத்திக்குங்க, உள்ள வெளிச்சம் வந்துரக் கூடாது. நான் ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கத்துலயே நின்னுக்கறேன்.

யாரு குடுத்ததுன்னு கேப்பா. என்ற பேரைச் சொல்லிராதீங்க தம்பி. ஆஸ்பத்திரியில குடுத்தாங்கன்னு சொல்லுங்க. அப்படின்னா ஜன்னல்ல மாட்டிக்குவா. அவியளை அவ நம்பறாளுங்க.